நம் கல்லூரிக் கபடி அணியின் வெள்ளைச் சீருடையும் அணித்தலைவர் மாற்றமும்: முன்னாள் வீரர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: இடதுகார்னர் (2009 அணி, தேவிபட்டினம்)

நண்பர்களுக்கும் மூத்தவர்களுக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை நம் கல்லூரித் திடலில் நடந்த பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நம் பையன்கள் களத்தில் இறங்கியபோது, வெளியூர் அணிதான் முதலில் இறங்குகிறது என்று நினைத்து, நம்மவர்கள் எங்கே என்று சுற்றிலும் தேடினேன். கருநீல ஜெர்சி, தோளிலிருந்து இடுப்பு வரை சாய்வாக இறங்கும் வெள்ளைப் பட்டை, நெஞ்சில் பாய் விரித்த வல்லம் (நம் கரையின் மீன்பிடிப் படகு) என்று நான் ஆடிய காலத்திலும் எனக்கு முன் என் சித்தப்பா ஆடிய காலத்திலும் இருந்த உடை போய்விட்டது. இப்போது மேலும் கீழும் வெள்ளை. நெஞ்சு நிறைய, ஒரு சாண் அகலத்துக்கு, பண உதவி செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கல்லூரியின் பெயர் இடது தோளுக்குக் கீழே, கிட்டப் போனால் மட்டும் படிக்க முடிகிற அளவில் இருக்கிறது. வல்லத்தை எங்கும் காணவில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் காரைக்குடி போகும்போதெல்லாம், நாங்கள் வேனிலிருந்து இறங்கியவுடன் அங்கே நிற்பவர்கள் "வல்லம் வந்திருச்சுடா" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே களத்துக்கு நடந்துபோன நினைவு எனக்கு இன்றும் பசுமையாக இருக்கிறது. எங்கள் அணியில் ஏழு பேரில் நான்கு பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அது வெறும் படம் இல்லை.

சீருடையோடு நின்றிருந்தால் நான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று அணித்தலைவராக நின்றவர் இரண்டாம் ஆண்டு மாணவர். கடந்த ஆண்டு முதல் தலைவராக இருந்த மூன்றாம் ஆண்டு மாணவர், பாம்பன் பக்கத்துப் பையன், கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். விசாரித்தபோது, புதிய ஜெர்சியைக் கொடுத்த அன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "கல்லூரிப் பெயர் ஏன் சார் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று அவர் கேட்டதாகவும், அடுத்த நான்காம் நாள் தலைவர் மாற்றப்பட்டதாகவும் சொன்னார்கள். பல ஆண்டுகளாக மாலையில் வந்து பயிற்சி கொடுத்த நம் பழைய பயிற்சியாளரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிறு மதிப்பூதியம் தவிர வேறொன்றும் வாங்காதவர் அவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கல்லூரி விடுமுறை என்றாலும், கடற்கரை மணலில் கோடு கிழித்து எங்களை ஆட வைத்தவர். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, தீவிலிருந்து வரும் பையன்கள் பேருந்தையே நம்பியிருந்த காலத்தில், கடைசிப் பையன் வந்து சேரும் வரை ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருந்தவர்.

புதிய உடற்கல்வி இயக்குநர் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. முன்னாள் வீரர்களாகிய நாம் இதில் பேசலாமா, பேசினால் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: வாலிநோக்கம் ரெய்டர் (2013 அணி)

அண்ணனுக்கு வணக்கம். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் நான் நிர்வாகத்தின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் வல்லம் போட்ட ஜெர்சியோடுதான் ஆடினோம், மண்ணில்தான் ஆடினோம். பல்கலைக்கழகப் போட்டியில் முதன்முதலாக மேட் என்னும் செயற்கை விரிப்பில் ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேட்டில் ஷூ போட்டுத்தான் ஆட வேண்டும்; எங்களில் ஐந்து பேரிடம் ஷூ கிடையாது. வேறொரு அணியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம், எனக்குக் கிடைத்தது ஒரு அளவு பெரியது. மண்ணில் குதிகாலை ஊன்றித் திரும்புகிற பழக்கத்தில், எதிரணிப் பக்கம் பாடிப் போன முதல் ரெய்டிலேயே, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்குப் போய்த் திரும்பியபோது ஷூ மேட்டைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் உள்ளே திரும்பியது. கணுக்கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. அந்த ஆட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை அணி முழுவதும் வெளியேறி எதிரணிக்கு லோனா கொடுத்தோம். திறமைக் குறைவால் தோற்கவில்லை. பழக்கம் இல்லாமல் தோற்றோம்.

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாகப் போட்டால் 130 துண்டுகள் வேண்டும். வல்லம் போட்ட அத்தனை ஆண்டுகளிலும் அந்த 130 துண்டுகளை யாரும் வாங்கித் தரவில்லை, நாமும் சேர்ந்து வாங்கித் தரவில்லை. இந்த இயக்குநர் வந்து இரண்டாம் ஆண்டிலேயே ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்து மேட்டைக் கொண்டுவந்தார். பணம் கொடுத்தவர் தன் பெயர் தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயமே. நம் திடலில் கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் மேட் முழுவதும் மணல் படிந்துவிடும், அதன்மேல் ஓடினால் சவர்க்கார நீர் ஊற்றிய தரையில் ஓடுவதைப் போலத்தான் இருக்கும். ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் ஈரச் சாக்கை இழுத்து மேட்டைத் துடைப்பதற்கு அவர் பையன்களோடு சேர்ந்து தானும் குனிவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை நிறத்திலும் ஒரு நன்மை உண்டு. பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தில் கருநீலத்தைப் போட்டு நின்றவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பயிற்சியாளர் ஐயாவிடம் எனக்குப் பெரும் மரியாதை உண்டு, நான் ரெய்டு கற்றதே அவரிடம்தான். இருந்தாலும் அவர் சொல்லிக்கொடுத்தது மண் கபடி. மேட் கபடிக்கு வேறு கால், வேறு வேகம் வேண்டும். தலைவராக இருந்த தம்பி கேட்ட கேள்வி சரியானது, கேட்ட இடம் சரியில்லை என்பது என் கருத்து. ஸ்பான்சர் நிறுவனத்தின் ஆட்கள் அன்று அங்கே நின்றிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மறுமொழி: பெரியபட்டினத்துப் பெண் (2017 பெண்கள் அணி)

அண்ணன்கள் இருவரும் எழுதியதை முழுவதும் படித்தேன். இருவரும் ஆண்கள் அணியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். அதே வெள்ளை ஜெர்சியையும் அதே வெள்ளை ஷார்ட்ஸையும் பெண்கள் அணியின் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சற்று விரிவாக எழுதுகிறேன், வெளிப்படையாகவும் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு வெளியூர்ப் போட்டிக்கு எங்கள் உடைகள் வந்து சேரவில்லை என்பதால், வேறொரு குழுவின் வெள்ளைக் கால்சட்டைகளைக் கொடுத்து ஆடச் சொன்னார்கள். எனக்கு அன்று மாதவிடாயின் இரண்டாம் நாள். ஆட்டம் தொடங்கும் முன் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன். இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நான் ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். நான் போனஸ் எடுப்பதில் பேர் வாங்கியவள். அன்று ஒரு முறைகூடக் காலை முழுவதும் நீட்டவில்லை. நீட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற ஒரே எண்ணம்தான் ஆட்டம் முடியும் வரை இருந்தது. நான்கு புள்ளியில் தோற்றோம். "இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்று பயிற்சியாளர் கேட்டார், நான் தலைவலி என்று சொன்னேன். இன்று வரை அவருக்கு உண்மை தெரியாது.

இது என் ஒருத்தியின் கூச்சம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி, வீராங்கனைகள் எடுத்துச் சொன்ன பிறகு, வெள்ளை ஷார்ட்ஸைக் கைவிட்டு நீலத்துக்கு மாறியது. எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பான விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலும் அதே ஆண்டு முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதித்தார்கள். அங்கெல்லாம் உடை மாற்ற நல்ல அறையும் தண்ணீரும் இருக்கின்றன. நம் பக்கத்துத் திடல்களில் பெண்களுக்கென்று கதவு சாத்துகிற அறை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வருகிற சில பெண்கள் முழுக்கை உள்சட்டையும் கணுக்கால் வரை டைட்ஸும் போட்டுக்கொண்டால்தான் வீட்டில் அனுப்புவார்கள். நான் சேர்ந்தபோது என் வாப்பா மூன்று நாள் பேசவில்லை. என் காக்காதான் (அண்ணன்) முன் நின்று, முழுக்கை போட்டு ஆடுவாள் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினார். முழுதும் மூடிய உடையில் கபடி ஆட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தலையையும் கையையும் காலையும் மூடிய உடையில் வந்த ஈரான் பெண்கள் அணி, இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 27க்கு 24 என்று வென்று தங்கம் வாங்கியது. எனவே, எந்த உடையில் தன்னால் பயமில்லாமல் காலை நீட்ட முடியும், கையை வீச முடியும் என்பதை ஆடுகிற பெண்தான் சொல்ல வேண்டும். இப்போது கொடுத்திருப்பது கையில்லாத ஜெர்சி. அதற்கு உள்ளே போட ஒரே நிறத்தில் உள்சட்டை தரவில்லை. பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில் தங்கள் வீட்டுச் சட்டையை உள்ளே போட்டு ஆடுகிறார்கள். பெரிய போட்டியில் நடுவர் இதை ஏற்பாரா என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது.

துவைப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஆளுக்கு ஒரே ஒரு உடைதான். போட்டி அடுத்தடுத்த நாள் நடக்கும். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு; அதில் நான்கு முறை அலசினால் வெள்ளை மஞ்சளாகும். கடற்பாசி எடுத்துவிட்டு வந்து அம்மா துவைத்துப் போடுகிற வீடுகள் அவை. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற வீட்டில் ஜெர்சிக்கென்று தனியாக ஒரு குடம் செலவழிக்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால் இயக்குநரை நான் எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்கு மேட்டில் காலை ஆறு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தனியாக ஒதுக்கியவர் அவர்தான். என் காலத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு இருட்டுகிற நேரத்தில்தான் எங்களுக்குத் திடல் கிடைக்கும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கிய பிறகு, எங்கள் ஊரிலேயே இரண்டு வீட்டில் தாங்களாக வந்து மகளைக் கபடிக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் ஒரு கால்சட்டையின் நிறம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

மறுமொழி: கடைக்காரர் (இராமநாதபுரம், விளையாட்டுப் பொருள் விற்பனை)

தொழில் முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பையன்கள் இருவர் எண் உரிந்துபோன ஜெர்சியைக் கொண்டுவந்து காட்டினார்கள். எண்ணைச் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள்; வியர்வையும் வெயிலும் பட்டு ஏழு என்ற எண்ணின் மேல் கோடு எழும்பி, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. விதிப்படி முன்பக்க எண் குறைந்தது 4 அங்குலமும் முதுகுப்பக்க எண் 6 அங்குலமும் இருக்க வேண்டும். எண் இல்லாத ஜெர்சியோடு களத்துக்குள் விட மாட்டார்கள். நூலிலேயே சாயம் இறங்குகிற சப்ளிமேஷன் அச்சில் உரிவதற்கு எதுவும் இல்லை. அந்த அச்சே வெள்ளை பாலியெஸ்டர் துணியில்தான் போடப்படுகிறது. ஆகவே வெள்ளையாக விட்டாலும் கருநீலமாக அடித்தாலும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. செலவைக் காட்டி வெள்ளையை நியாயப்படுத்த வழியில்லை.

அளவும் தவறாக இருக்கிறது. எல்லோருக்கும் இரண்டே அளவில் தைத்திருக்கிறார்கள். கபடியில் ரெய்டரைக் கை காலிலும் உடம்பிலும்தான் பிடிக்கலாம். தொளதொளவென்று இருந்தால் பிடிப்பவர் கை துணியில் சிக்கும், அது தகராறில் போய் முடியும். கைத்துளை ஓரம் மடித்துத் தைக்காமல் ஒற்றைத் தையலில் விட்டிருப்பதால், இரண்டு ஆட்டத்தில் அக்குள் பக்கம் கிழிந்துவிடும். ஆளை அளந்து தைக்க வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் (தொண்டி)

தம்பிகளுக்கும் அந்த மகளுக்கும் வணக்கம். நான் உங்கள் கல்லூரியில் பணியாற்றியவன் அல்லன். ஆனால் உங்கள் கல்லூரி அணியை நடுவராகவும் எதிரணியின் பொறுப்பாளராகவும் நெடுங்காலம் பார்த்தவன்.

முதலில் வல்லத்தைப் பற்றி. 1980களில் உங்கள் பையன்கள் வல்லம் இல்லாமல்தான் வந்தார்கள். முண்டா பனியனில் நீலமையால் எண்ணை எழுதிக்கொண்டு, வியர்வையில் அது வழிந்து முதுகெல்லாம் நீலமாக ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு முடிவெடுத்ததால்தான் வல்லம் வந்தது. நேற்று வந்த ஒன்றை என்றும் இருந்ததாகச் சொல்லி நிர்வாகத்திடம் வாதாடினால் உங்கள் பேச்சின் வலு குறையும். வல்லம் அழகாக இருந்தது, நம் கரையைச் சொன்னது, அதனால் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் காரணமே போதும்.

சீருடையை அடுத்த ஆண்டும் மாற்றலாம். அணித்தலைவரைப் பற்றியும் போட்டிக்கு அனுப்பும் பன்னிரண்டு பேர் பட்டியலைப் பற்றியும் எடுக்கிற முடிவு அப்படிப்பட்டது அன்று, இங்கே எழுதிய முன்னாள் ஆட்டக்காரர்கள் மூவரும் அதை உரிய இடத்தில் வைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடுபவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணி தேர்வாகிறது. அந்த அணிதான் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குக் கிடைக்கிற படிவம் 3 சான்றிதழ், அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பயன்படும். நம் மாநிலக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு இடம் உண்டு. என்னிடம் ஆடியவர்களில் பலர் அந்தத் தாள் ஒன்றால்தான் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பையனைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தால், அவன் இழப்பது ஒரு பட்டையோ பதவியோ அல்ல. மேற்படிப்புக்கு வசதி இல்லாத வீடு என்றால் அவனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது.

தலைவரை மாற்றுவதற்கு இயக்குநருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் காரணமாக மாற்றியிருந்தால் யாரும் கேட்க முடியாது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் போனவர் வெளியேற வேண்டும் என்ற நிலையில், யாரை அனுப்புவது என்று சில நொடியில் சொல்லத் தெரிந்தவன்தான் தலைவன். புதிய பையனுக்கு அது கூடுதலாக வருகிறது என்று இயக்குநர் கண்டிருக்கலாம். எதனால் மாற்றினார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அவர் மேல் குற்றம் சுமத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் ஒரு முறை கோபத்தில் ஒரு பையனை நீக்கியிருக்கிறேன். வெளியூர்ப் பயணத்தில் கொடுத்த உணவுப்படி குறைகிறது என்று எல்லோர் முன்னாலும் கணக்குக் கேட்டான். அவன் கேட்டது சரியான கணக்கு. எழுத்தர் கூட்டலில் தவறு செய்திருந்தார். அது தெரிந்த பிறகும், பட்டியலை அனுப்பிவிட்டேன் என்று சொல்லி நான் அதைத் திருத்தவில்லை. திருத்த இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அவன் இப்போது விசைப்படகில் கூலிக்குப் போகிறான். தொண்டிக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றும் "ஐயா" என்று கைகூப்புகிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆகவே முதல்வரையும் இயக்குநரையும் ஒரே நேரத்தில் நேரில் பாருங்கள். நான்கைந்து பேருக்கு மேல் போக வேண்டாம், பெண்கள் அணியில் ஆடியவர் ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். ஸ்பான்சர் நிறுவனத்துக்குத் தனியாகக் கடிதம் எழுதாதீர்கள். அது இயக்குநரை அவமதிப்பதாகும், அடுத்த ஆண்டு உதவியும் நின்றுபோகும். நிறுவனத்தின் பெயர் ஜெர்சியில் அப்படியே இருக்கட்டும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பயிற்சியாளரைப் பற்றிப் பேசும்போது, மேட் ஆட்டத்துக்கு வேறொருவர் வரட்டும், இவர் உடல்வலுப் பயிற்சிக்கும் தடைக்காலக் கடற்கரைப் பயிற்சிக்கும் தொடரட்டும் என்று கேளுங்கள். மணலில் ஓடிப் பழகிய காலின் வலு மேட்டிலும் உதவும். அதை நான் இயக்குநரிடம் நேரில் வந்து சொல்லவும் அணியமாக இருக்கிறேன்.

மறுமொழி: இடதுகார்னர் (கேள்வி கேட்டவர்)

ஐயாவுக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் கடைக்கார நண்பருக்கும் நன்றி. தங்கை எழுதியதைப் படித்த பிறகு நான் எழுதிய கேள்வியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். பெண்கள் அணி என்ற சொல்லே அதில் இல்லை. அது என் பெரிய பிழை.

நேற்று மாலை பாம்பன் போய், தலைவராக இருந்த தம்பியைப் பார்த்தேன். அப்பாவோடு உட்கார்ந்து வலையில் கிழிந்த இடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் வல்லத்தைப் பற்றியும் ஜெர்சியைப் பற்றியும் பேசிக்கொண்டே போனேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "வல்லம் வரலைன்னாலும் பரவாயில்லண்ணே, கேப்டன் அவனே இருக்கட்டும், நல்லாத்தான் ஆடுறான். பன்னெண்டுக்குள்ள என் பேரு இருந்தாப் போதும்" என்றார். அவருடைய அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, பட்டியல் எப்போது அனுப்புவார்கள் என்று மட்டும் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

ஆகவே முதல்வரிடம் கொடுக்க நான் எழுதிவரும் கடிதத்தின் வரிசையை மாற்றிவிட்டேன். முதலாவதாக, பட்டியலை ஆட்டத்தை மட்டும் வைத்துத் தேர்வு செய்ய வேண்டும், தேர்வு ஆட்டத்தை எல்லோரும் பார்க்கத் திடலில் நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டாவதாக, பெண்கள் அணிக்குக் கருநீல ஷார்ட்ஸும் விரும்புவோருக்கு அதே நிறத்தில் முழுக்கை உள்சட்டையும் டைட்ஸும் வேண்டும்; அதற்கான செலவை 2009, 2013 அணிகளின் முன்னாள் வீரர்கள் ஏற்றுக்கொள்கிறோம். வாலிநோக்கம் தம்பி தொலைபேசியில் பேசி, தன் பங்கை முதலில் தருவதாகச் சொல்லிவிட்டார். பயிற்சியாளரைப் பற்றி ஐயா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். வல்லத்துக்குக் கடைசியில் ஒரே ஒரு வரிதான்: அடுத்த ஆண்டு ஜெர்சி அச்சடிக்கும்போது, நிறுவனத்தின் பெயருக்கு இடையூறு இல்லாமல் கையிலோ முதுகிலோ சேர்க்க முடியுமா என்று ஆடுகிறவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல்வர் நேரம் கொடுத்திருக்கிறார், இயக்குநரும் இருப்பதாகச் சொன்னார். தொண்டியிலிருந்து ஐயா வருகிறார். தங்கையும் அணித்தோழி ஒருவரும் பெரியபட்டினத்திலிருந்து வருகிறார்கள். பெண்கள் பன்னிரண்டு பேரின் இடுப்பளவும் கால் நீளமும் செவ்வாய் மாலைக்குள் கிடைத்தால், போட்டிக்கு முன் தைத்து வாங்கிவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். தங்கை, அளவுகளை நீங்களே எடுத்து அனுப்ப முடியுமா?